பான்ஹெலெனிக் டெலிகேட் பதவிக்கு நிற்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்தால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்களின் கிளைகளில் (சாப்டர்களில்) உள்தேர்தல்கள் பெரும்பாலும் நவம்பரை ஒட்டி நடக்கும், ஜனவரியில் புதியவர்கள் பொறுப்பேற்பார்கள். அதனால் சித்தி பெண், தோழியின் தங்கை, அடுத்த தெருவில் குடியிருந்தவர்களின் பேத்தி என்று யாராவது ஒருத்தி கூப்பிட்டு, "பான்ஹெலெனிக் பதவிக்கு நிற்கலாமா?" என்று கேட்பாள். அவள் வைத்த ஐந்தாவது நிமிடம் அவள் அம்மா கூப்பிடுவார்.

நடுமேற்கு மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இந்தப் பதவிக்கு நான் இரண்டு முறை நின்றேன். முதல் முறை தோற்று ஓராண்டு ஆல்டர்நேட்டாக, அதாவது மாற்றுப் பிரதிநிதியாக இருந்தேன். அடுத்த முறை ஜெயித்து ஓராண்டு டெலிகேட்டாக இருந்தேன். சொன்ன பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, பான்ஹெலெனிக்னா என்ன? அதுவும் ஒரு சொராரிட்டியா?

இல்லை. சொராரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட மாணவியர் சங்கம். கப்பா கப்பா காமா, டெல்டா காமா, கை ஒமேகா என்று ஒவ்வொன்றும் நாடு முழுக்கப் பரவியிருக்கும். உங்கள் வளாகத்தில் இருக்கும் அதன் கிளைதான் சாப்டர். ஒரே வளாகத்தில் எட்டு, பத்து சாப்டர்கள் இருந்தால் எல்லாரும் அதே முதலாமாண்டுப் பெண்களைத்தான் சேர்க்கப் பார்ப்பார்கள். அதில் அடிதடி வராமல் இருக்கப் பொதுவாக ஒரு சபை வேண்டும். அதுதான் பான்ஹெலெனிக் கவுன்சில். 'பான்' என்றால் எல்லாம், 'ஹெலெனிக்' என்றால் கிரேக்கம். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளாக்குக்கு ஒருவர் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போவதில்லையா, அந்த மாதிரி சாப்டருக்கு ஒருத்தி போவாள். அவள்தான் டெலிகேட்.

இதற்கு மேலே தேசிய அளவில் நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் இருக்கிறது. 1902-இல் சிகாகோவில் தொடங்கியது, இப்போது 26 சொராரிட்டிகள் அதில் உறுப்பு. எந்த வளாகத்திலும் மாற்ற முடியாத அடிப்படை ஒப்பந்தங்கள் அங்கிருந்து வருகின்றன. மற்றதை வளாகக் கவுன்சிலே தீர்மானிக்கும்.

பொண்ணுங்க சங்கம்தானே? அப்புறம் ஏன் எங்க பேப்பர்ல எல்லாம் 'ஃப்ரடெர்னிட்டி'ன்னு போட்டிருக்கு?

முதலில் எல்லாமே பெண்கள் ஃப்ரடெர்னிட்டி என்றுதான் இருந்தன. 1882-இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஒருவர், 'சொரோர்' (சகோதரி) என்ற லத்தீன் சொல்லிலிருந்து காமா ஃபை பீட்டாவுக்காகச் 'சொராரிட்டி' என்ற பெயரை உருவாக்கிக் கொடுத்தார். அதற்கு முன்பே பிறந்த சில சங்கங்கள் இன்றும் சட்டப் பெயரில் ஃப்ரடெர்னிட்டி என்றே வைத்திருக்கின்றன. தேர்தலுக்கு இது தேவையில்லை, ஆனால் நேர்காணலில் உங்கள் சங்கத்தின் பெயரைத் தப்பாகச் சொல்லாதீர்கள்.

கமலா ஹாரிஸ் இருந்ததும் இதானே ஆன்ட்டி?

இந்தக் கேள்வி 2020-லிருந்து வருகிறது, பெரும்பாலும் அம்மாக்களிடமிருந்து. நம்ம ஊர் சியாமளா கோபாலனின் மகள் என்பதால் வரும் உரிமை! அவர் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1908-இல் அங்கேயே பிறந்த கறுப்பின மாணவியர் சொராரிட்டி அது. அது சேர்ந்திருக்கும் அமைப்பின் பெயர் நேஷனல் பான்-ஹெலெனிக் கவுன்சில். நடுவில் ஒரு சிறு கோடு இருக்கும், கடைசிச் சொல்லும் வேறு. 1930-இல் ஹோவர்டில் தொடங்கியது, வரலாற்று ரீதியாகக் கறுப்பினத்தவரின் ஒன்பது சங்கங்கள் அதில் இருக்கின்றன. பெயர்கள் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. சேரும் முறையும் முற்றிலும் வேறு.

அதேபோல டெல்டா ஃபை ஒமேகா, கப்பா ஃபை காமா, சிக்மா சிக்மா ரோ என்று தெற்காசியப் பெண்கள் தொடங்கிய சொராரிட்டிகள் இருக்கின்றன. மூன்றும் 1998-இல் பிறந்தவை. அவையும் மேலே சொன்ன 26-இல் வராது. பல வளாகங்களில் அவற்றுக்கு வேறு கவுன்சில். நீங்கள் அவற்றில் ஒன்றில் இருந்தால் பேச்சு, நேர்காணல் பற்றி நான் சொல்வது உதவும். கீழே வரும் கோட்டா, டோட்டல் விஷயங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

டெலிகேட் வாரம் முழுக்க அப்படி என்னதான் செய்வா?

எங்கள் வளாகத்தில் ஞாயிறு இரவு சாப்டர் கூட்டம், மறுநாள் மாலை மாணவர் மையத்தின் மூன்றாம் மாடியில் கவுன்சில். திங்கள் கூட்டத்துக்கு நேரத்துக்குப் போய், பெயர் வாசிக்கும்போது "பிரசென்ட்" சொல்லி, வந்த தீர்மானங்களை எழுதிக்கொள்வேன். ஒரு வாரம் கழித்து ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒதுக்கிய நேரம் மூன்று நிமிடம். அதற்குள் எந்தச் சாப்டர் நன்கொடை நிகழ்ச்சி வைக்கிறது, எதற்கு எங்கள் ஆட்கள் போக வேண்டும், எந்தத் தீர்மானத்துக்கு வாக்கு வரப்போகிறது, கடைசித் தேதி எது எல்லாம் வந்துவிட வேண்டும். கூட்டங்கள், அறிக்கை, மின்னஞ்சல் எல்லாம் சேர்த்துச் சாதாரண வாரத்தில் நான்கு மணி நேரம் ஆகும். புதியவர்களைச் சேர்க்கும் ரெக்ரூட்மென்ட் சமயத்தில் கணக்கே கிடையாது.

இதில் பேச்சுத் திறமையைவிட நோட்டுப் புத்தகம் முக்கியம். எனக்கு அது பட்டுத்தான் தெரிந்தது. ரெக்ரூட்மென்ட் அலங்காரச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் தீர்மானம் ஒன்று வந்தது. தேர்வு வாரம். ஞாயிறு அறிக்கையில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். திங்களன்று வாக்கெடுப்பில் என் சாப்டர் என்ன நினைக்கிறது என்றே எனக்குத் தெரியாது. வாக்களிக்காமல் ஒதுங்கினேன். தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. எங்களிடம் பணம் குறைவு, அந்த உச்சவரம்பு எங்களுக்குத்தான் வேண்டியிருந்தது. அன்றிரவு எங்கள் சாப்டர் தலைவி திட்டவில்லை, "அடுத்த தடவை கையில் எழுதிக்கோ" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஓட்டு என்னோடதா, சாப்டரோடதா?

சாப்டருடையது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் போதும், மீதியை ஜனவரிக்குப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கவுன்சிலில் சாப்டருக்கு ஒரு வாக்கு. நூற்றைம்பது பேர் உள்ள சாப்டருக்கும் ஒன்றுதான், நாற்பது பேர் உள்ள சாப்டருக்கும் ஒன்றுதான். முக்கியமான தீர்மானம் என்றால் ஒரு கூட்டத்தில் அறிவிப்பார்கள், வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்தில் நடக்கும். நடுவில் இருக்கும் நாட்கள் டெலிகேட் சாப்டருக்குப் போய்க் கேட்டு வருவதற்காகவே விடப்பட்டவை.

நான் டெலிகேட்டாக இருந்த வருடம், வகுப்புகள் தொடங்கும் முன் ஆகஸ்டில் நடக்கும் முதன்மை ரெக்ரூட்மென்ட்டை ஜனவரிக்குத் தள்ளலாமா என்று ஒரு தீர்மானம் வந்தது. எனக்கு அது சரியென்றே பட்டது. ஊர்விட்டு வந்த பெண்ணுக்கு வகுப்பறை எங்கே என்று தெரியும் முன்பே எந்தச் சங்கம் என்று முடிவு செய்யச் சொல்வது எனக்குப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது. ஞாயிறு கூட்டத்தில் என் கருத்தைச் சொன்னேன், விவாதம் நடந்தது, என் சாப்டர் பெரும்பான்மையாக ஆகஸ்டே இருக்கட்டும் என்றது. திங்கள் மாலை எங்கள் பெயர் வாசிக்கப்பட்டபோது "எதிர்ப்பு" என்றேன். மேசைக்கு எதிரே இருந்த என் ரூம்மேட், வேறு சாப்டரின் டெலிகேட், என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. முந்தின வாரம் முழுக்க அவளிடம் ஜனவரியின் அருமை பெருமைகளைப் பேசியிருந்தேன்.

சரி, சாப்டர் "ஆம்" சொல்லி அனுப்பிய தீர்மானத்தில் கூட்டத்திலேயே யாராவது திருத்தம் கொண்டுவந்தால்? அப்போதுதான் உங்கள் மூளைக்கு வேலை. திருத்தம் சின்னது என்றால் சாப்டரின் நோக்கம் எதுவோ அதன்படி வாக்களிக்கலாம். தீர்மானத்தின் உயிரையே மாற்றுகிறது என்றால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லி எழுந்து கேளுங்கள். இதற்கெல்லாம் பல கவுன்சில்களில் ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட நடைமுறை விதிகளைப் பின்பற்றுவார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1876-இல் வெளியிட்டது. முழுக்கப் படிக்க வேண்டாம். தீர்மானம் கொண்டுவருவது, வழிமொழிவது, திருத்துவது, தள்ளி வைப்பது, இந்த நான்கும் கைவந்தால் உங்கள் காலம் ஓடிவிடும்.

கோட்டா, டோட்டல்னு என்னமோ பேசிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. புரியாம நிக்கலாமா?

நிற்கலாம். தேர்தலுக்குள் புரிந்துகொண்டுவிடுங்கள், கவுன்சிலில் வரும் சண்டைகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான். கோட்டா என்பது முதன்மை ரெக்ரூட்மென்ட்டில் ஒரு சாப்டர் சேர்த்துக்கொள்ளக்கூடிய புதியவர்களின் எண்ணிக்கை. கடைசிச் சுற்றுவரை வந்து விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்களைச் சாப்டர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிட்டத்தட்ட அது கிடைக்கும். பேச்சுக்கு, 300 பேர், 10 சாப்டர் என்றால் 30-ஐ ஒட்டி வரும். டோட்டல் என்பது புதியவர், பழையவர் எல்லாரையும் சேர்த்து ஒரு சாப்டர் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு. டோட்டலுக்குக் கீழே இருக்கும் சாப்டர் ரெக்ரூட்மென்ட் முடிந்த பிறகும் ஆள் சேர்க்கலாம். அதற்குத் தொடர் சேர்க்கை என்று பெயர், பேச்சு வழக்கில் சி.ஓ.பி.

இப்போது யோசியுங்கள். கூட்டம் அலைமோதும் சாப்டருக்கு டோட்டல் உயர்ந்தால் நல்லது. சின்னச் சாப்டருக்கு டோட்டல் எங்கேயோ உயரத்தில் இருந்தால், அவர்கள் என்றைக்குமே குறைவாகவே தெரிவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எந்தச் சாப்டர் எத்தனை பேரை மறுபடி அழைக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. முந்தைய ஆண்டுகளில் அந்தச் சாப்டர் அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து அதைப் போடுவார்கள். பெண்களிடம் மவுசு அதிகம் உள்ள சாப்டர் முதல் சுற்றிலேயே நிறையப் பேரை விட்டுவிட வேண்டியிருக்கும். கடைசி நாளில் ஏமாந்து நிற்பதைவிட முதல் நாளிலேயே தெரிந்துகொள்வது மேல் என்பது அதன் தர்க்கம். வலிக்கத்தான் செய்யும்.

கையெழுத்துப் போடும் படிவத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஏ.பி.ஏ. என்பார்கள். அதில் நீ எழுதிய சாப்டரிலிருந்து அழைப்பு வந்து, நீ மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டின் முதன்மை ரெக்ரூட்மென்ட் வரை அந்த 26-இல் வேறு எதிலும் சேர முடியாது. இதைத் தெரியாமல் கையெழுத்திட்டு அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் "புதிய மாணவிகளுக்கு நீ என்ன மாற்ற விரும்புகிறாய்?" என்று கேட்டால், இந்தப் படிவத்தை எளிய மொழியில் விளக்கச் சொல்வேன் என்று சொல்லலாம். நான் அதைத்தான் சொன்னேன்.

நான் இப்பதான் சேர்ந்தேன். முதல் வருஷமே நின்னா ஓவரா தெரியுமா?

உங்கள் சாப்டர் விதிகளைப் பாருங்கள். சிலவற்றில் முழு உறுப்பினர் ஆகியிருக்க வேண்டும், குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி வேண்டும், சந்தா பாக்கி இருக்கக் கூடாது. மற்றபடி முதலாண்டுப் பெண்கள் நிற்பது சாதாரணம். ஓராண்டு ஆல்டர்நேட்டாக இருந்து பிறகு நிற்பது நல்ல வழி என்று நினைக்கிறேன். ஆனால் நான் அந்த வழியில் வந்தவள், அதனால் அப்படித்தான் சொல்வேன்.

பிரச்சாரம் பண்ணலாமா? அம்மா முறுக்கு அனுப்பறேன்னு சொல்றாங்க.

முறுக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டுமானால் அனுப்பச் சொல்லுங்கள், தேர்தல் முடிந்தபின் பிரிக்கலாம். பல சாப்டர்களில் பிரச்சாரமே தடை. போஸ்டர் கூடாது, குழு மெசேஜ் கூடாது, "எனக்கு ஓட்டுப் போடு" என்று கேட்கவே கூடாது. சில இடங்களில் நேரடித் தேர்தலும் இல்லை. பரிந்துரைக் குழு ஒன்று விண்ணப்பங்களைப் படித்து, நேர்காணல் வைத்து, பதவிக்கு ஒருவர் என்று பட்டியல் தயார் செய்யும். சாப்டர் அந்தப் பட்டியலுக்கு ஒப்புதல் தரும், அல்லது கூட்டத்திலேயே வேறு பெயரை முன்மொழியும். பதவியின் பெயர்கூட இடத்துக்கு இடம் மாறும். சில சங்கங்களில் பான்ஹெலெனிக் துணைத்தலைவர் என்பார்கள், செயற்குழுவிலேயே இடம் உண்டு. முதல் வேலையாக உங்கள் சாப்டரின் பைலாஸை, அதாவது விதிகளின் தொகுப்பை, வாங்கி அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள். நிற்கிறவர்களில் பாதிப் பேர் அதைக்கூடப் படிப்பதில்லை.

தடை இருந்தாலும் ஒன்று செய்யலாம். அக்டோபரில் ஏதாவது ஒரு கவுன்சில் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பொதுவாக உறுப்பினர்கள் பார்வையாளராக வரலாம். நிகழ்ச்சி நிரலை வாங்கி வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு ரெண்டே நிமிஷம். என்ன சொல்றது?

என்ன சொல்லக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். முதல் முறை நான் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போனேன். "நாம் எல்லோரும் வேறு எழுத்துகளை அணிந்தாலும் ஒரே குடும்பம்" என்று தொடங்கினேன். கை தட்டினார்கள். பிறகு வேட்பாளர்கள் நான்கு பேரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எங்கள் சாப்டர் வீட்டில் அதற்கு இடம் சமையலறைதான். ஐஸ் மெஷின் பக்கத்தில் நின்றோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது கடகடவென்று ஐஸைக் கொட்டும், நாலு பேரும் திடுக்கிடுவோம். ஒருத்தி டப்பாவிலிருந்து வெறும் கார்ன்ஃப்ளேக்ஸ் தின்றுகொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். உள்ளே என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று பிறகு ஒரு சீனியர் சொன்னாள்: "நல்ல பொண்ணுதான். ஆனா அந்தப் பதவி என்னன்னு அவளுக்குத் தெரியுமான்னு தெரியலை."

மறுவருடம் அட்டையில் மூன்று வரி. வசந்தகாலப் பருவத்தில் கவுன்சிலுக்கு வரப்போகும் மூன்று விஷயங்களை எழுதியிருந்தேன். ஒவ்வொன்றும் எங்கள் சாப்டரை எப்படிப் பாதிக்கும், எவ்வளவு செலவு வைக்கும் என்று ஒரு வாக்கியம். முடிவில், "இதில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று சமையலறையில் பத்து நிமிடம்தான் நின்றோம்.

"உன் பெஸ்ட் ஃப்ரெண்ட் வேற சாப்டர். அவ ரூல் மீறினா மாட்டிவிடுவியா?"ன்னு கேட்டாங்க. முழிச்சேன்.

இதைக் கேட்காத நேர்காணலே கிடையாது. "மாட்டிவிடுவேன்" என்றால் வேஷம் போடுகிறாய் என்பார்கள், "மாட்டேன்" என்றால் பதவிக்கு ஆகாது என்பார்கள். நடைமுறை தெரிந்தால் பதில் தானாக வரும். விதி மீறல் என்று சந்தேகம் வந்தால் முதலில் நேரே பேசலாம், பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். எழுத்தில் புகார் போனால் முதலில் சமரசப் பேச்சு வைப்பார்கள். அங்கே தீராவிட்டால்தான் நீதிக்குழு விசாரணை. புகார், விசாரணை எல்லாம் சாப்டரின் பெயரில் நடக்கும். டெலிகேட் தனி ஆளாகப் போலீஸ் வேலை பார்ப்பதில்லை. "அவளிடம் நானே முதலில் பேசுவேன். அடங்கவில்லை என்றால் எங்கள் தலைவியிடம் சொல்லிவிட்டு, அந்த விஷயத்திலிருந்து நான் விலகி நிற்பேன்" என்பது நேர்மையான பதில்.

எழுதாத விதி ஒன்றும் உண்டு. உங்கள் சாப்டர் வீட்டின் சோபாவில் மற்றச் சாப்டர்களைப் பற்றி என்ன பேச்சு ஓடுகிறதோ, டெலிகேட் ஆனபின் அதில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. சொன்னது திங்கட்கிழமைக்குள் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ரெக்ரூட்மென்ட் கவுன்சிலரும் டெலிகேட்டும் ஒண்ணா?

இல்லை. புதிய பெண்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர்கள் பல வளாகங்களில் ரெக்ரூட்மென்ட் முடியும்வரை தங்கள் சாப்டரிலிருந்து ஒதுங்கி இருப்பார்கள். எந்தச் சாப்டர் என்றுகூடச் சொல்லமாட்டார்கள், பக்கச் சாய்வு வரக் கூடாதென்று. டெலிகேட் அதற்கு நேர் எதிர்: சாப்டரின் பெயரைச் சொல்லித்தான் உட்காருவாள்.

டெலிகேட் ஆனா அப்படியே கவுன்சில் பிரசிடென்ட் ஆயிடலாமா?

தானாக ஆக முடியாது. கவுன்சில் தலைவர், துணைத்தலைவர்கள் தனி நிர்வாகக் குழு. அவர்கள் வளாகத்துக்குப் பொதுவானவர்கள், வாக்கு டெலிகேட்டுகளிடம்தான் இருக்கிறது. முன்பு பல வளாகங்களில் இந்தப் பதவிகள் சாப்டர்களுக்குள் முறைவைத்துச் சுற்றி வந்தன. இப்போது விண்ணப்பம், நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுப்பது பரவலாகிவிட்டது. டெலிகேட்டாக ஓராண்டு இருந்தவளுக்கு அந்த நேர்காணல் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். குட்டி அதிகாரத்தின் ருசி என்று சிரிக்காதீர்கள், சிலருக்கு அது உண்மையிலேயே பிடித்த வேலை.

எங்க சாப்டர்ல நான் ஒருத்திதான் பிரவுன். "நீ நின்னா நல்லா இருக்கும்"னு எல்லாரும் சொல்றாங்க. எதுக்குச் சொல்றாங்கன்னு புரியுது. நிக்கணுமா?

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. என்னிடமும் சொன்னார்கள். நான் திருப்பிக் கேட்ட கேள்வி இது: "நின்றால் எனக்கு வாக்களிப்பாயா, அல்லது புகைப்படத்தில் நன்றாக இருக்கும் என்கிறாயா?" சிலர் சிரித்து மழுப்பினார்கள். ஒருத்தி மட்டும், "நீ கூட்டத்தில் கணக்குக் கேட்கிறாய், அதனால்" என்றாள். அவள் சொன்னதை நம்பி நின்றேன்.

இந்தப் பதவிக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால், அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013-இல் நடந்ததைச் சொல்லுங்கள். வெள்ளையர்களே நிறைந்திருந்த சொராரிட்டிகளில், தகுதியுள்ள கறுப்பின மாணவி ஒருவரைச் சாப்டர் உறுப்பினர்கள் சேர்க்க விரும்பியும் பழைய மாணவியர் தலையிட்டுத் தடுத்தார்கள் என்று அந்த வளாகத்தின் மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட் செப்டம்பரில் எழுதியது. மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பல்கலைக்கழக நிர்வாகம் கையில் எடுத்த கருவி எது தெரியுமா? மேலே கோட்டா பற்றிய பதிலில் சொன்ன அதே தொடர் சேர்க்கை. ரெக்ரூட்மென்ட் முடிந்த பிறகும் அழைப்புக் கொடுக்க வழி திறந்தார்கள், கறுப்பினப் பெண்களுக்கு அழைப்புகள் போயின. இந்த விதிகளைத் தெரிந்தவர்கள் அறையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அதைப் படித்தபோதுதான் உறைத்தது. ஆனால் அந்தச் சுமையை நீங்கள்தான் தூக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. நிற்க ஆசை இருந்தால் நில்லுங்கள்.

சாப்டர் சொன்ன ஓட்டு என் மனசாட்சிக்கே ஒத்துவரலைன்னா?

ஆகஸ்டா ஜனவரியா என்பது போன்ற விஷயம் என்றால், ஓட்டு யாருடையது என்ற கேள்வியில் சொன்ன பதில்தான்: ஞாயிறன்று வாதாடுங்கள், திங்களன்று சாப்டர் சொன்னதைச் சொல்லுங்கள். நிஜமாகவே வாயில் வராது என்றால் அந்த ஒரு கூட்டத்துக்கு ஆல்டர்நேட்டை அனுப்பலாம், தலைவியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு. சாப்டர் "ஆம்" சொன்னதற்கு நீங்களாக "இல்லை" என்று வாக்களிப்பது மட்டும் கூடாது. ஒரு தடவை அப்படிச் செய்தால் அந்த ஆண்டு முழுக்க உங்கள் அறிக்கையை யாரும் நம்பமாட்டார்கள்.

புதியவர்களைத் துன்புறுத்துவது, குடிக்க வற்புறுத்துவது போன்றவை இந்தக் கணக்கிலேயே வராது. அது சாப்டரின் கருத்து, உங்கள் கருத்து என்று வாக்கெடுக்கும் விஷயம் இல்லை. பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நேரே சொல்லுங்கள், டெலிகேட்டாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

படிப்பு கெட்டுடாதாம்மா? இதுக்குச் சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது ஆன்ட்டி. மதிப்பெண் குறைந்தால் பதவியே போய்விடும் என்பதால் அவளே பார்த்துக்கொள்வாள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'பான்ஹெலெனிக் டெலிகேட்' என்று மட்டும் போட்டால் பலருக்குப் புரியாது. "பத்துச் சங்கங்கள் கொண்ட சபையில் வாக்குரிமைப் பிரதிநிதி, தொண்ணூறு பேருக்கு வாரந்தோறும் அறிக்கை" என்று எழுதச் சொல்லுங்கள். எனக்கு முதல் வேலைக்கான நேர்காணலில் அரை மணி நேரம் இதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அக்கா, தோத்துட்டேன்.

இன்றைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், தூங்கு. நாளைக்கு ஜெயித்தவளுக்கு ஒரு மெசேஜ் போட்டு, ஆல்டர்நேட் இடம் காலியா என்று கேள். பல சாப்டர்களில் தோற்றவர்களிலிருந்தே எடுப்பார்கள். கவுன்சிலின் கமிட்டிகளுக்கு, நீதிக்குழு உட்பட, ஜனவரியில் விண்ணப்பம் வரும். அதற்குச் சாப்டரில் ஜெயித்திருக்கத் தேவையில்லை.

என்னைத் தோற்கடித்தவளுக்கு மார்ச் மாதம் ஃப்ளூ வந்தது. திங்கள் மதியம் அவளுடைய நோட்டுப் புத்தகத்தை என் அறைக் கதவடியில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், உள்ளே ஒரு மஞ்சள் தாள்: "இரண்டாவது தீர்மானத்துக்கு நாம் ஆம். மூன்றாவதைத் தள்ளி வைக்கச் சொல்." மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போனேன், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.